லென்ஸ் கடைக்கு வந்த ரோஜாத் தொட்டி

காலையில் பார்த்தபோது முட்டைகள் கறுத்திருந்தன.

மாடிப்படி ஓரத்து ரோஜாச் செடியில், ஒரே இலையின் மேல் ஏழெட்டு முட்டைகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய காம்பின் நுனியில் தனியாக நின்றது. கடுகில் பாதி இருக்கும். கண்ணாடிச் சிறகுள்ள பச்சைப் பூச்சி ஒன்று இட்டுப் போனது. கறுத்தால் சீக்கிரமே பொரியும் என்று அவள் படித்திருந்தாள். படமெடுக்க லென்ஸ்தான் கையில் இல்லை.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். போன வாரம் கேமரா கடைக்குப் போயிருந்தாள். கடைக்காரர் சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ்கள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்துக் காட்டினார். இரண்டிலும் அதே அளவு, அதே தெளிவு. எதை எடுப்பது என்று பிடிபடாமல் திரும்பிவிட்டாள்.

இன்று விடுப்புச் சொல்லிவிட்டு, தொட்டியையே தூக்கிக்கொண்டு தம்பியின் காரில் ஏறினாள். அவன் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முறைத்தாள்.

“பெத்த பிள்ளைய முதல்நாள் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட நீ இவ்ளோ பயப்படலக்கா,” என்றான் தம்பி.

“ரோட்டப் பாத்து ஓட்டுடா.”

கடைக்காரர் தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கைக்கு இலகுவாக இருக்கும் என்று குட்டை லென்ஸையே அவள் கேமராவில் மாட்டித் தந்தார்.

அவள் நெருங்கினாள். முட்டை பெரிதாகத் தெரிய இன்னும் நெருங்க வேண்டியிருந்தது. லென்ஸின் நிழல் இலையை மூடியது. அவள் மூச்சுப் பட்டுக் காம்புகள் ஆடின. நாணயம் ஆடவில்லை, அதனால் அன்று இது தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு முட்டை வாய் பிளந்தது.

“நெட்டையக் குடுங்க,” என்றாள்.

யாரும் சொல்லாமலே தம்பி மின்விசிறியை நிறுத்தினான். கடைக்காரர் லென்ஸை மாற்றினார். இப்போது அவளால் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நிற்க முடிந்தது. இலை மேல் வெளிச்சம் திரும்பியது. காம்பு அசையவில்லை.

பிளவிலிருந்து ஒரு தலை வந்தது. பிறகு கால்கள், ஒவ்வொன்றாக. உடம்பு முழுக்க முள்போல மயிர். வெளியே வந்தது தன் வெற்று ஓட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. அதற்கு முகம் இருந்தது. இத்தனை நாள் வெறும் புள்ளியாக இருந்ததற்கு.

அவள் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பிறகு திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். மூன்று தலைகள் குனிந்தன.

“ஏன்க்கா ஒவ்வொண்ணும் தனித்தனிக் காம்புல?” தம்பியின் குரல் கோயிலுக்குள் பேசுவதுபோல் இறங்கியிருந்தது.

“பொறந்ததுமே அகோரப் பசி. பக்கத்துல இருந்தா கூடப்பொறந்ததையே தின்னுடும். அதான் தாய் எட்டாத இடத்துல வச்சிட்டுப் போயிருக்கு.”

தம்பி அவளிடமிருந்து ஓரடி தள்ளி நின்றான்.

குஞ்சு தலைகீழாகக் காம்பில் இறங்கத் தொடங்கியது. அடுத்த முட்டையில் ஒரு கீறல் விழுந்தது. கடைக்காரர் குட்டை லென்ஸைச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

கதவு திறந்தது. யாரோ ஒருவர் பேட்டரி கேட்டு வந்திருந்தார். கடைக்காரர் திரும்பாமலே கையை உயர்த்தி அவரை வாசலில் நிறுத்தினார்.

“மெதுவா சாத்துங்க சார். இங்க ஒருத்தர் பொறந்துக்கிட்டிருக்கார்.”