கீழ் அறையில் உட்கார்ந்திருந்தது

ஏற்காட்டுக்குப் பக்கத்தில் தலைச்சோலையில் ஜீவானந்தத்தின் வீடு சரிவில் இருக்கிறது. மேலே வண்டி நிறுத்தும் தகர ஷெட். அதற்குப் பத்தடி கீழே வீடு. வீட்டுக்கும் கீழே, பாதி மண்ணுக்குள் புதைந்த மாதிரி, காப்பிக்கொட்டை மூட்டை அடுக்குகிற ஓர் அறை. அதற்கு ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான்.

ஷெட்டில் நின்ற பெட்ரோல் வேன் அவன் அண்ணன் பொன்னுவேலுடையது. போன வருடம் கார்த்திகையில் மிளகு பறிக்க மரம் ஏறிய பொன்னுவேல் ஏணி சறுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. கல்யாணம் ஆகாதவன். கடைசிவரைக்கும் அந்தக் கீழ் அறையில்தான் படுத்திருந்தான். வேனைத் தம்பி தொடுவது அவனுக்குப் பிடிக்காது. உனக்கு எதிலும் அவசரம், இன்ஜின் வேலை உனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுவான்.

அவன் போனபிறகு ஒரு வருடம் வண்டி அசையவில்லை. இந்த மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமானபோது, ஜீவானந்தம் தானே அதை ஓடவைப்பது என்று முடிவுசெய்தான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மூன்று மத்தியானம் வேலை செய்தான். டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் மோட்டாருக்கு வாங்கி மீந்திருந்த டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டினான். ஒரு முனைக்குப் புதுக் கிளிப். மறுமுனைக்குப் பழைய கிளிப்பையே துருவோடு முறுக்கினான். டேங்கை நிரப்பிச் சாவியைத் திருப்பினான். நாலாவது தடவையில் இன்ஜின் உறுமியது. அவன் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேரே ஏற்காட்டுக்கு ஓட்டிப்போய், ஏரியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தான். வந்து எப்போதும்போல வண்டியின் மூக்கைச் சரிவுப் பக்கம் வைத்து ஷெட்டில் நிறுத்தினான். பெட்ரோல் அளவு காட்டுகிற முள் வண்டி வாங்கிய நாளிலிருந்தே வேலை செய்ததில்லை.

மறுநாள் மூடுபனி இறங்கியது. அந்த வருடம் அது ஒன்பது நாள் விலகவில்லை. காற்று துளிகூட இல்லை. வாசலில் நின்றால் எதிரே நிற்கும் கொய்யா மரம்கூடத் தெரியாது. குளிருக்காக எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

சேலத்தில் நர்சிங் படிக்கும் மகள் கவிப்பிரியா விடுமுறைக்கு வந்திருந்தாள். படிக்க அமைதியாக இருக்கும் என்று கீழ் அறையில் பாய் விரித்துக்கொண்டாள். முதல் ராத்திரி பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றாள். புல் வெட்டும் மிஷினும் அதற்கான பெட்ரோல் கேனும் அங்கேதான் இருந்தன. போதாததற்கு, வண்டி வேலை தொடங்கியதிலிருந்து அப்பாவின் சட்டை லுங்கி எல்லாமே அந்த வாடைதான். அம்மா கலா கேனை எடுத்து வெளியே வைத்தாள். மூன்றாம் நாள் கவிப்பிரியா வாடையைப் பற்றிப் பேசவில்லை. அது போகவில்லை, மூக்குக்குப் பழகிவிட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அதற்குப் பதிலாக வேறொன்று சொன்னாள்.

"கால்மாட்டுல யாரோ உக்காந்திருக்கறாங்கம்மா. பாய் அமுங்கறது நல்லாத் தெரியுது. எந்திரிச்சுப் பார்த்தா யாருமில்ல."

கனவாக இருக்கும் என்றாள் கலா. கவிப்பிரியாவுக்குக் காலையில் தலை பாரமாக இருந்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. மேலே வந்து வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். கீழே போனால் மறுபடியும் அதே கதை.

அடுத்த நாள் மத்தியானம் கலா அந்த அறையில் காப்பிக்கொட்டை பொறுக்க உட்கார்ந்தாள். முறத்தில் கை போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில், தான் மூச்சு விடும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொரு மூச்சும் கூடவே வருவது போலிருந்தது. நிறுத்திப் பார்த்தாள், அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் அப்படியே இருந்தாள். பிறகு என்ன ஆனதென்று அவளுக்கு ஞாபகமில்லை. நினைவு வந்தபோது முறம் கவிழ்ந்து கிடந்தது, ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் எங்கே போனதென்று அவளால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன விஷயங்களும் கண்ணில் பட ஆரம்பித்தன. பாயை உதறியபோது அடியில் மூன்று பல்லிகள் செத்துக் கிடந்தன. பொட்டலம் பிரிந்து கிடந்த வெல்லத்தில் ஓர் எறும்புகூட இல்லை. எப்போதும் மூட்டைமேல் தூங்கும் பூனை மூன்றாவது படி வரைக்கும் வந்து, மயிர் சிலிர்க்க நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

கலா அன்று ராத்திரி புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னுவேலுக்கு வருடப் படையல் போடவில்லை. பறிப்பு முடியட்டும் என்று இவன்தான் தள்ளிப்போட்டிருந்தான். போடாமலே வண்டியை வேறு எடுத்து ஓட்டியாகிவிட்டது.  ஷெட்டில் வண்டியைத் தொடும்போதெல்லாம் ஜீவானந்தத்துக்கும் பின்கழுத்தில் ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை போட்டுவிடலாம், அண்ணன் படுத்த இடத்திலேயே போடலாம் என்றான். மகளை மேலே வந்து படுக்கச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. கலா கீழ் அறையைப் பெருக்கி, வாழையிலை போட்டு, சோறும் கோழிக்குழம்பும் வைத்தாள். அகலில் எண்ணெய் விட்டுத் திரி போட்டாள். தட்டில் கற்பூரத்தை அடுக்கினாள். கவிப்பிரியா பொன்னுவேலின் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தலையில் கட்டுகிற துண்டு ஒன்று வேனில் கிடந்தது. அதையும் படையலில் வைக்க வேண்டும் என்று கலா சொல்ல, ஜீவானந்தம் எடுக்கப் போனான். தான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், விளக்கை ஏற்றி வை என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஷெட்டில் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பியவன் கால் வழுக்கியது. வண்டிக்கு அடியில் சிமெண்டுத் தரை கறுத்து ஈரமாக இருந்தது. பனித் தண்ணீர் என்று நினைத்துத் தொட்டான். தண்ணீர் இப்படிச் சில்லென்று கடிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் காய்ந்து தோல் வெளுத்தது. முகர்ந்தான், எதுவும் தெரியவில்லை. இத்தனை நாள் பெட்ரோலிலேயே புழங்கிய மூக்கு அது. மல்லாந்து படுத்து, சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் தலையை விட்டான்.

அவன் மாட்டிய டியூப் ஊறிப் பருத்துக் கொழகொழவென்று தொங்கியது. பழைய கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது. அடுத்தது திரண்டது. விழுந்த ஈரம் தரையோடு நெளிந்து ஓரத்துக் கல் வாய்க்காலுக்குப் போனது. மழைத்தண்ணீர் வழிய அப்பா காலத்தில் போட்ட வாய்க்கால் அது. எங்கே போய் முடிகிறதென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டை ஒட்டி இறங்கி, கீழ் அறையின் சுவரோரம்தான் போகிறது. அந்தச் சுவரின் அடிக்கல்லில், அறையைக் கழுவிவிடும் தண்ணீர் போக ஒரு துவாரம் இருக்கிறது.

விளக்கை ஏற்றி வை என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது.

எழுந்த வேகத்தில் நெற்றி வண்டியில் இடித்தது. கத்த முயன்றான், பல்லில் கடித்த டார்ச்சோடு சத்தம் வரவில்லை. படிகளில் ஓடினான். பனியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் திருப்பத்தில் கலா எதிரே நின்றாள். கையில் தீப்பெட்டி, இன்னொரு கையில் பற்றவைக்காத ஒரு குச்சி. அவனையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எதுக்குக் கூப்பிட்டீங்க? குச்சிய ஒரசப் போனேன், ஏ கலா வெளிய வான்னு சத்தம் போட்டீங்களே?"

அவன் தீப்பெட்டியைப் பிடுங்கினான். மகள் எங்கே என்று கேட்டான். உள்ளே என்றாள். ஓடிப்போய்க் கவிப்பிரியாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தான். மூன்று பேரும் கொய்யா மரம் வரைக்கும் ஓடி நின்றார்கள்.  டார்ச் எங்கோ விழுந்திருந்தது. பல்லில் அதன் தகர ருசி மட்டும் இருந்தது.

"நான் கூப்புடல கலா. டார்ச்ச வாயில வெச்சிருந்தேன்."

கலா கவிப்பிரியாவைப் பார்த்தாள். தனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, அம்மா குச்சியை எடுத்துவிட்டுச் சட்டென்று எழுந்து வெளியே போனாள் என்று மகள் சொன்னாள்.

கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, ஏற்காட்டு மெக்கானிக் லாசருக்குப் போன் செய்தார்கள். அவன் வருவதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஷெட்டுக்கு மணல் அள்ளிக்கொண்டு வந்தார்கள். லாசர் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்தி அணைத்துவிட்டு நடந்து வந்தான். முதலில் கீழ் அறையின் கதவையும் ஜன்னலையும் விரியத் திறக்கச் சொன்னான். லைட்டு சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது என்றான். நல்லவேளையாக அந்த அறையின் சுவிட்ச் வெளியே படிக்கட்டு ஓரம் இருந்தது. இத்தனை நாளும் அதைப் போட்டு அணைத்ததை நினைத்து கவிப்பிரியா உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். பிறகு லாசர் வண்டியின் பேட்டரி ஒயரைக் கழற்றி, மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு மூடி போட்ட கேனுக்கு இறக்கினான். டேங்க் பாதிகூட இல்லை.

அந்த டியூபை விரலால் அமுக்கிக் காட்டினான். அது பிய்ந்து வந்தது.

"ஏனுங்கண்ணா, இது தண்ணிக்கு உள்ள டியூபுங்க. பெட்ரோல் இத தின்னுபோடும். வண்டி மூக்கு கீழ இருக்கறாப்புல நிறுத்துனா ஓடாதப்பகூட ஒழுகும். நீங்க மாட்டுனதும் ஒழுகுதான்னு பாத்திருந்தீங்கன்னா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் ஜீவானந்தத்துக்கு அதிகமாகச் சுட்டது. பெட்ரோலுக்கென்று இருக்கும் குழாயைத்தான் போட வேண்டும், கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடக்கூடாது. மாட்டியதும் இணைப்பைத் துணியால் உலர்த்தி, இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். நிறுத்தியபின் ஒருதரம், டேங்க் நிறைந்திருக்கும்போது மறுநாள் காலையில் ஒருதரம். மூக்கை நம்பக் கூடாது, உலர்ந்த அட்டையை அடியில் விரித்துவைத்தால் அது காட்டிக்கொடுக்கும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனம். பள்ளம் தேடிப் போய், காற்று இல்லாத இடத்தில் தேங்கிக்கொள்ளும். லாசர் இதைச் சொல்லும்போது கலா கீழ் அறையின் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவிப்பிரியா அழுதாள். பெட்ரோல் ஆவி செய்யும் தலைபாரம், குமட்டல், மயக்கம், இல்லாத ஆள் இருப்பதுபோல் தோன்றுவது எல்லாவற்றையும் வகுப்பில் படித்திருந்தாள். பாடத்தில் படித்தது தன் பாயில் வந்து உட்காரும் என்று தோன்றவில்லை. ஜீவானந்தம் அவள் தலையைத் தடவி, "அப்பன் பண்ணுன தப்பு சாமி, நீ அழுவாத" என்றான்.

இரண்டு நாள் அறையைத் திறந்தே போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காற்று எழும்பிப் பனி கலைந்தது. லாசர் ஏற்காட்டிலிருந்து சரியான குழாய் கொண்டுவந்தான். இந்தத் தடவை ஜீவானந்தம் அவன் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றையும் பொறுமையாகச் செய்தான். கவிப்பிரியா பிடிவாதமாக ஒரு ராத்திரி கீழ் அறையில் படுத்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. நன்றாகத் தூங்கினாள்.

கலாவுக்கு மட்டும் ஒன்று தீரவில்லை. கால்மாட்டில் இருந்ததும் கூடவே மூச்சு விட்டதும் பெட்ரோல்தான், ஒத்துக்கொண்டாள். அந்தக் குரலும் அதேதான் என்று லாசர் சொன்னான், மூளை குழம்பினால் காதில் என்னவும் கேட்குமாம். ஆனால் கெடுதல் செய்ய வந்தது எதற்குத் தப்பிக்கச் சொல்லும் என்று அவள் கேட்டாள். ஜீவானந்தம், அண்ணனாக இருக்கும் என்றான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி குரல் என்று ஊரே சொல்லும். கலா இல்லை என்று தலையை ஆட்டினாள். பொன்னுவேல் அவளை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கண்ணு என்றுதான் கூப்பிடுவான். அந்தக் குரல் புருஷன் கூப்பிடுகிற மாதிரியே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை படையலைக் காப்பி காயப்போடும் களத்தில், திறந்தவெளியில் போட்டார்கள். கலா ஓர் இலை விரித்தாள். கொஞ்சம் தள்ளி இன்னோர் இலையும் விரித்தாள். அது யாருக்கு என்று ஜீவானந்தம் கேட்டான்.

"தெரியலீங்க. கூப்புட்டவங்களுக்கு."

 அவன் அந்த இலைக்கும் சோறு பரிமாறினான், குழம்பு ஊற்றினான். பிறகு மூன்று பேரும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் படியேறினார்கள்.