உள்ளே இருக்கிறவை

ஜெபமலருக்கு அன்று இரண்டாவது நாளாகத் தூக்கம் இல்லை. இரவு முழுக்கப் பிரசவ வார்டு. காலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பொங்கி வைத்துவிட்டுத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பதினோரு வருசமாக அவள் தென்காசியில் அந்த ஆஸ்பத்திரியின் ஆயா. புருசன் காய்ச்சலில் போன மறுமாசம் சேர்ந்த வேலை. 1961இல் ஒரு உத்தரவு வந்தது: உடற்கூறு படித்துப் பரீட்சை எழுதித் தேறினால் நர்சிங் உதவியாளர், இல்லாவிட்டால் கடைசிவரை ஆயா. ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். மூன்று மாசமாகத் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு. மறுநாள் பரீட்சை.

வகுப்பு எடுத்தவர் டாக்டர் நமசிவாயம். முப்பது வயசுகூட ஆகவில்லை. அவருக்கும் தூக்கம் கிடையாது. எலும்புகளைப் பலகையில் வரைந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஜெபமலருக்கு எழுதியது எதுவும் மனசில் நிற்கவில்லை. மணிக்கட்டில் எட்டு எலும்பு என்று தெரியும், ஐந்துக்கு மேல் பெயர் வராது. வார்டில் ஆயிரம் பேருக்குக் கட்டுப் போட்ட கை, பென்சிலைப் பிடித்தால் மரத்துப்போனது.

அன்று வகுப்பு அறையில் நடக்கவில்லை. ஆனிச் சாரலில் குற்றாலத்தில் வெள்ளம். முந்தின நாள் குளிக்கப் போன ஒருவர் அருவியில் வழுக்கி விழுந்து, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, காலையில் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். இடுப்பில் ஒரு துண்டு மட்டும்தான். யார் என்று தெரியவில்லை. தலையில் அடி இருந்ததால் போலீஸ்காரர்கள் உடனே அறுத்துப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"எல்லாரும் வாங்க," என்றார் டாக்டர். "படத்துல பாத்தது போதும்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கே வேலை பார்க்கிற வேல்சாமி கத்தியைக் கழுவி வைத்திருந்தார். வகுப்பில் கூடப் படித்த வார்டு பாய் மசூது வாசலைத் தாண்டவில்லை, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். ஜெபமலர் பேசின் பிடித்தாள். மேசையில் கிடந்தவருக்கு நாற்பது வயசு இருக்கும். மீசையை ஒழுங்காக நறுக்கியிருந்தார்.

டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். உப்பிப்போன நுரையீரலை அழுத்தினார், நுரை வந்தது. "தண்ணிக்குள்ள போறப்போ உசுரு இருந்திருக்கு," என்றார். பிறகு இடது பக்கத்திலிருந்து கருஞ்சிவப்பாக ஒன்றை எடுத்து, "ஜெபமலர், இது என்ன?" என்று கேட்டார்.

"சுவரொட்டி, ஐயா."

மசூது வாசலிலிருந்து சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "அதேதான். கறிக்கடையில சுவரொட்டி. பரீட்சையில மண்ணீரல்னு எழுதுங்க."

போலீஸ்காரர்கள் கேட்டதால் இரைப்பையையும், ஈரலில் ஒரு துண்டையும், ஒரு சிறுநீரகத்தையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் போட்டு அரக்கு வைத்தார்கள். சென்னைக்குப் பரிசோதனைக்குப் போகும். டாக்டர் கை கழுவிவிட்டு ஓ.பி.க்கு ஓடினார். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

வேல்சாமி மிச்சத்தை அள்ளி மொத்தமாக உள்ளே போடப் போனார்.

"அண்ணாச்சி, பொறுங்க. நான் வைக்கேன்."

"எதுக்கும்மா? தச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது? நின்னுக்கிட்டே தூங்குத நீ."

"நாளைக்குப் பரீட்ச. ஒரு தடவ கையால வச்சுப் பாத்தா மறக்காதுல்லா."

அதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை. அவள் இதயத்தைச் சற்று இடப்பக்கமாகச் சாய்த்து வைத்தாள். இரண்டு நுரையீரல்கள், வலது பக்கம் ஈரல், இடது பக்கம் மண்ணீரல், முதுகை ஒட்டி மிஞ்சிய ஒரு சிறுநீரகம். குடலைச் சுருட்டி அடுக்கினாள். ஒவ்வொன்றின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு வேல்சாமி தைத்தார், அவள் உடம்பைத் துடைத்து வெள்ளைத்துணி சுற்றினாள்.

இதற்கிடையில், குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர், தன்னிடம் துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போன ஆள் திரும்பவில்லை என்று போலீஸில் சொல்லியிருக்கிறார். பைக்குள் ஒரு கடிதம். சிவகிரி குத்தாலிங்கம் என்று தெரிந்தது. தகவல் போய், ஐந்து மணிக்கு அவருடைய மனைவி இராமலட்சுமி தன் அண்ணனோடு வந்து இறங்கினாள்.

முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு அழுதாள். அப்புறம் அழுகை நின்றுவிட்டது. அண்ணன் கையெழுத்துப் போட உள்ளே போனார். இராமலட்சுமி, கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த ஜெபமலரிடம் வந்து நின்றாள்.

"யக்கா, நீங்க உள்ள இருந்தீயளா?"

"இருந்தேம்மா."

"அறுத்து எல்லாத்தையும் எடுத்துட்டு வைக்கோலு வச்சுத் தச்சிருவாவன்னு பஸ்ஸுல ஒரு ஆளு சொல்லுதாரு. அவுகள அப்படியா தீயில வைக்கணும்? உள்ள எல்லாம் இருக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"நான்தாம்மா என் கையால வச்சேன். இதயம் இருக்கு. நுரையீரல் ரெண்டும் இருக்கு. சுவரொட்டி, குடல் எல்லாம் அதது இருந்த எடத்துல இருக்கு. இரைப்பையும், ஈரல்ல ஒரு துண்டும், ஒரு குண்டிக்காயும் மட்டும் மெட்ராசுக்குப் போகுது. சர்க்கார்ல கேட்டிருக்காவ."

"திருப்பித் தருவாவளா?"

"தரமாட்டாவம்மா."

இராமலட்சுமி துணி சுற்றிய உடம்பைத் திரும்பிப் பார்த்தாள். "தலையில அடிபட்ட ஒடனே போயிருப்பாவளா? தண்ணிக்குள்ள கெடந்து தவிச்சிருப்பாவளோ?"

ஜெபமலர் தரையைப் பார்த்தாள். "அடிபட்டதுமே போயிருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

இராமலட்சுமி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லாருப்பிய யக்கா. பெத்த தாயி மாதிரி பாத்து வச்சிருக்கிய."

ஜெபமலருக்குத் தன் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. பரீட்சைக்காகச் செய்தேன் என்று எப்படிச் சொல்ல? அண்ணன் வந்தார். வேனில் ஏற்றினார்கள். வேல்சாமி கொட்டகையைக் கழுவிவிட ஆரம்பித்தார். அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமலே படுத்தாள். தூக்கம் வரவில்லை.

மறுநாள் எழுத்துப் பரீட்சை முடிந்ததும், திருநெல்வேலியிலிருந்து வந்த பெரிய டாக்டர் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, வயிற்றுக்குள் இருப்பவற்றைக் கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது நறுக்கிய மீசைதான் கண்ணில் நின்றது. "நல்லாப் படிச்சிருக்கியே," என்றார் அவர். காது எலும்புகளைக் கேட்டபோது தெரியாது என்றாள்.

தேறிவிட்டாள். மசூது தேறவில்லை, அடுத்த வருசம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அவளுக்குக் கடையம் ஆஸ்பத்திரியில் வேலை போட்டு உத்தரவு வந்தது. சேருவதற்கு முன் இரண்டு நாள் லீவு கிடைத்தது. முதல் நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்தாள். அன்றைக்குத் தூக்கம் வந்தது.