கடைசி இரண்டு அத்தியாயங்கள்

அத்தை புத்தகத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அம்மா மறுமுனையை விடவில்லை. இருவருக்கும் நடுவே கட்டிலில், கழுத்துவரை வெள்ளை விரிப்புப் போர்த்தப்பட்டு, இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல அப்பா படுத்திருந்தார். உயிரோடு இருந்தபோதும் தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் அவர் அப்படித்தான் படுத்திருப்பார்.

“விடுங்க அண்ணி. செத்த வீட்டுல உக்காந்து கதைப்புத்தகம் படிச்சாங்கன்னு நாளைக்குப் பேச்சாகும்.”

“ஆகட்டும். ரெண்டு அத்தியாயம்தான் பாக்கி.”

“யாருக்குப் பாக்கி?”

அம்மா தாடையால் கட்டிலைக் காட்டினாள். “உன் அண்ணனுக்கு.”

தண்ணீர் டம்ளர்கள் நிறைந்த தட்டோடு நின்றிருந்த சின்னவள், யாருக்கு முதலில் கொடுப்பது என்று தெரியாமல் தானே ஒன்றைக் குடித்தாள். அத்தை அவள் பக்கம் திரும்பினாள்.

“ஏய் சின்னவளே, உங்கம்மாவைப் பாரு. அதிர்ச்சியில புத்தி தடுமாறிடுச்சு. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி கலந்து குடு.”

“என் புத்தி நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அம்மா. “நேத்து மத்தியானம் படிச்சிட்டு இருந்தேன். வழக்கம்போல கண்ணை மூடினார். சத்தத்தைக் குறைச்சுக்கிட்டு மேல படிச்சேன். அத்தியாயத்தை முடிச்சிட்டு நிமிர்ந்து பாத்தா…” வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எந்த வரியில போனார்னு எனக்குத் தெரியல. அதனால அந்த அத்தியாயத்தை முதல்ல இருந்து மறுபடி படிக்கணும். அப்புறம் கடைசி அத்தியாயம். முடிவு தெரியாம நான் அவரை அனுப்ப மாட்டேன்.”

வாசல்படியில் ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக நின்றிருந்த பெரியவன் திடுக்கிட்டுத் திரும்பினான். எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. மின்தகன மேடையில் நாலு மணிக்கு இடம் வாங்கியிருந்தான். வண்டி வாசலுக்கு வந்தாகிவிட்டது.

“அம்மா, ரெண்டு அத்தியாயமா? ஒரு அத்தியாயத்துக்கே நேரம் இல்லம்மா!”

“சின்ன அத்தியாயம்தான்.”

“நீங்க அப்படித்தான் சொல்வீங்க.”

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் படித்தது ‘அதிகபட்சம் ஆறு நபர்கள்’ என்ற வாசகத்தை மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், நூலகத்து லிஃப்டிலிருந்து வந்த முனகலைத் தெருவிலிருந்தே கேட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமல் சரிசெய்யப் போனார். மேல்மாடியில் கதவு திறந்தபோது ஒரு கூட்டத்தின் நடுவில் நின்றார். வாசகர் கூட்டம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூடுவார்கள். அந்த மாதம் படித்ததில் தனக்குப் பிடித்த ஒரு கதையையும் ஒரு நிஜத்தையும் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும். நாவல், சிறுகதை எல்லாம் கதைக் கணக்கு. சரித்திரம், பயணம், வாழ்க்கை வரலாறு எல்லாம் நிஜக் கணக்கு. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கதையின் முடிவை யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைக்கு எல்லாருக்கும் டீ அவர் செலவு.

வந்தவரை உட்கார வைத்தார்கள். அவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. புத்தகங்களை அவர் லிஃப்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். “நல்லாத்தான் கிளம்புச்சு, மூணாவது மாடில நின்னுபோச்சு” என்பார். “கதவு திறக்கவே நூறு பக்கம் ஆச்சு” என்பார். பிடித்த புத்தகத்துக்கு அவர் தரும் உச்சபட்சப் பாராட்டு, “சத்தமே இல்லாம ஏறுச்சு.”

இரண்டு வருடங்களுக்கு முன்னால் திடீரென்று, “எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது, கண்ணு தெரியல” என்றார். சின்னவள் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். அவரைக் கூட்டிப்போய் உட்கார வைத்து அவளே சோதித்தாள். பலகையின் கடைசி வரியை, அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியை, தப்பில்லாமல் படித்தார்.

“உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லப்பா.”

“கடையில தெரியுது. வீட்டுலதான் தெரியல.”

இதற்கு எந்தக் கண்ணாடி எழுதுவது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. தான்தான் சோதனையில் ஏதோ கோட்டை விட்டுவிட்டோமோ என்று ஒரு வாரம் யோசித்தாள். அதற்குள் அம்மா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படித்துக் காட்ட ஆரம்பித்திருந்தாள். தினமும் மத்தியானம் பாத்திரம் கழுவிய ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண் சொருகும். அம்மா குரலைத் தணித்துக்கொள்வாளே தவிர நிறுத்த மாட்டாள். “நிறுத்தினா முழிச்சுக்குவார்” என்பாள். எழுந்ததும், “எங்க விட்டோம்?” என்று அப்பா கேட்பார். தூங்கியபோது நடந்த கதையை அம்மா தன் பாணியில், ஆள் ஆளுக்குத் திட்டும் பாராட்டும் கொடுத்துச் சொல்வாள். புத்தகத்தைவிட அதை அவர் முழுக் கவனத்தோடு கேட்டார்.

விட்ட இடத்தில் வைக்க அவரிடம் ஒரு மெல்லிய தகரத் தகடு இருந்தது. வேலை நாட்களில் லிஃப்ட் கதவில் மாட்டுவது. ‘இயங்காது’ என்று எழுதியிருக்கும்.

அன்று கடைசிச் சனிக்கிழமை என்பதால், மூன்று மணிக்கு வாசகர் கூட்டம் புத்தகப் பைகளோடு நேராக வீட்டுக்கே வந்து சேர்ந்தது. முன்னால் நூலகராக இருக்கும் பெண்மணி. அழுதால்கூடச் சத்தம் வராது, அவ்வளவு வருடப் பழக்கம். பின்னால் பல் டாக்டர். மூன்றாவதாக, நெடிய உருவம் கொண்ட ஒரு பெரியவர். எந்தப் புத்தகத்திலும் முன்னுரையைத் தாண்டிப் படிக்காததால் கூட்டத்தில் அவருக்குப் பெயரே முன்னுரைதான். அதிகம் பேசுவதும் அவர்தான்.

பல் டாக்டரின் பார்வை அப்பாவின் முகத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு அம்மாவின் மடியில் இருந்த புத்தகத்துக்கு வந்தது. அங்கேயே தங்கிவிட்டது.

“டாக்டர், இப்பப் போய்க் கேக்காதீங்க,” என்று நூலகர் கிசுகிசுத்தார்.

“நான் கேக்கவே இல்லையே.”

“பாத்தீங்களே.”

“லைப்ரரியில அந்தப் புத்தகத்துக்கு மூணு மாசமா பேர் குடுத்து வச்சிருக்கேன் மேடம். அவருக்கு அடுத்து நான்தான். அத மட்டும்தான் நினைச்சுக்கிட்டேன்.”

ஏதாவது பேசி முடித்துவிட்டால் கிளம்பலாம் என்ற நம்பிக்கையில் பெரியவன், “அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்” என்றான். முன்னுரை தொண்டையைச் செருமினார். அப்பா பிறந்த ஆண்டுக்கு முந்தைய உலக நிலவரத்திலிருந்து தொடங்கியதைப் பார்த்து நூலகர் இடைமறித்தார்.

“அவர் மாதிரி ஒரு வாசகர் எங்களுக்குக் கிடைக்க மாட்டார். போன மாசம் பாலம் கட்டினவர் ஒருத்தரோட வாழ்க்கை வரலாறு. நாங்க எல்லாரும் ஆகா ஓகோன்னு பேசினோம். அவர் மட்டும் சொன்னார்: ‘இவ்ளோ பெரிய புத்தகத்துல அவர் ஒரு நாள்கூடச் சாப்பிடல. யாரும் சமைக்கவும் இல்ல. வேலைக்குப் போட்டுட்டுப் போன சட்டைய யாரு துவைச்சாங்க? அத விட்டுட்டு எழுதினா எப்படி நிஜம் ஆகும்?’ எங்களுக்கு வாயே திறக்கல.”

“எனக்கே திறக்கல,” என்றார் பல் டாக்டர்.

சின்னவள் தட்டைக் கீழே வைத்தாள். அந்த வாக்கியத்தை அவள் கேட்டிருக்கிறாள். கூட்டத்தில் அல்ல, சமையலறையில். வெங்காயம் உரித்துக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அம்மா அதைச் சொன்னாள்.

“எங்க அண்ணனா சொன்னாரு?” அத்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “அவர் சட்டைய யாரு துவைக்கிறாங்கன்னே அவருக்குத் தெரியாதே!”

நூலகர் மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“அம்மா, அந்தப் புத்தகம்…”

“நான்தான் படிச்சுக் காட்டினேன். அவருக்குக் கண்ணு சரியில்ல.”

சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“அப்ப அந்தக் கருத்தெல்லாம்?”

அம்மா விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். “லிஃப்ட் எல்லாம் அவரோடது,” என்றாள்.

பல் டாக்டர் இரண்டு வருடக் கூட்டங்களையும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதுபோல விட்டத்தைப் பார்த்தார். நூலகர்தான் முதலில் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“படிங்கம்மா. நாங்களும் கேக்குறோம்.”

“ஒரு நிமிஷம்! ஒரு நிமிஷம்!” பல் டாக்டர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். “நான் அதை இன்னும் படிக்கல. முடிவு காதுல விழுந்தா மூணு மாசம் காத்திருந்தது வீண். சமையலறை எந்தப் பக்கம்?”

சின்னவள் காட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதுவும் போதாதென்று குழாயைத் திறந்துவிட்டார்.

அம்மா தகட்டை எடுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி. நடத்துகிறவள் ஒரு பெண். மாடி அறையில் குடியிருந்தவன் ஊரைவிட்டுப் போய்ப் பல மாதமாகிறது. ஆனால் தினமும் சாயங்காலம் அந்த அறையில் விளக்கு எரிகிறது. ஏற்றுவது யார்? அம்மாவின் குரல் பாத்திரம் துலக்குவதைப் போலச் சீராக, தேவையான இடத்தில் மட்டும் அழுத்திப் போனது. முதல் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தை, மூன்றாவது பக்கத்தில் பாதி திரும்பினாள்.

“விடுதிக்காரிதான் ஏத்துறா,” என்றாள் சின்னவளின் காதில். “எனக்கு அப்பவே தெரியும்.”

“எப்பவே? நீங்க இப்பதானே அத்தை கேக்கறீங்க.”

“முகத்தப் பாத்தாலே தெரியாதா?”

“யாரு முகத்தை?”

“ச்சு, பேசாம கேளு.”

வண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். “சார், நேரமாச்சு” என்று தொடங்கியவர், எல்லாரும் ஒரே சமயத்தில் உதட்டில் விரல் வைத்ததைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “மாடியில இருந்தவன் உயிரோட இருக்கானா?” என்று முன்னுரையிடம் மெல்லக் கேட்டார்.

“முன்னுரையில அதப் பத்திப் பேச்சே இல்ல,” என்றார் முன்னுரை கௌரவமாக.

வாசலில் பெரியவன் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். “பத்தே நிமிஷம் சார்… இல்ல சார், டிராஃபிக் இல்ல… வீட்டுலதான் இருக்கோம்… படிச்சிட்டு இருக்காங்க… எங்கம்மா… இல்ல சார், பிரார்த்தனை இல்ல. கதை… ஆமா சார், கதைதான்.” பிறகு பேச்சு நின்றது. சின்னவள் திரும்பிப் பார்த்தபோது அவன் போனைத் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். போனுக்குள்ளிருந்து ஒரு சிறு குரல் “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டது.

நேற்றைய அத்தியாயம் முடிந்தது. அம்மா தண்ணீர் குடித்தாள். கடைசி அத்தியாயம் தொடங்கியது. விடுதிக்காரி ஒருநாள் சாயங்காலம் படியின் அடியில் ஒளிந்து நிற்கிறாள். மேலே விளக்கு எரிகிறது. அவள் ஒவ்வொரு படியாக ஏறுகிறாள். ஓட்டுநர் சுவரிலிருந்து நிமிர்ந்தார். அத்தை புடவை முந்தானையைக் கடித்துக்கொண்டாள். விடுதிக்காரி கதவில் கை வைக்கிறாள்.

அம்மா பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு முறையும் பக்கம் திருப்பும்போது செய்வதுபோல, ஓரக்கண்ணால் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

குரலைத் தணித்தாள்.

எல்லாரும் ஒரே சீராக முன்னால் சாய்ந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. அம்மா நிறுத்தவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. விரல் வரிக்கு வரி நகர்ந்தது. ஆனால் அந்தச் சத்தம் கட்டிலைத் தாண்டவில்லை. சமையலறைக் குழாய்தான் கேட்டது. அப்படியே கடைசி வரிவரை படித்துவிட்டு, அம்மா புத்தகத்தை மூடினாள்.

“அண்ணி!” அத்தை எழுந்தே விட்டாள். “யாரு ஏத்தினா?”

அம்மா விரிப்பை அப்பாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

“சட்டம்!” என்றார் முன்னுரை. அவர் கண் கலங்கியிருந்தது. “கதையின் முடிவைச் சொல்லக்கூடாது. இந்த நிலைமையிலும் நம்ம சட்டத்தை மீறல பாருங்க.”

நூலகர் தலையை ஆட்டினார். ஓட்டுநர், “என்ன சட்டமோ போங்க” என்று முணுமுணுத்தபடி செருப்பைத் தேடினார். முழங்கை வரை நனைந்த சட்டையோடு பல் டாக்டர் கதவை ஒரு விரல் அளவு திறந்தார்.

“முடிஞ்சுதா? யாரும் எதுவும் சொல்லிடாதீங்க!”

“எங்களுக்கே தெரியாதுய்யா,” என்றாள் அத்தை எரிச்சலோடு.

அம்மா சட்டத்துக்காகக் குரலைத் தணிக்கவில்லை என்று சின்னவளுக்குத் தெரியும். அவள் காலி டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெரியவனும் ஓட்டுநரும் இன்னும் இரண்டு பேரும் அப்பாவைத் தூக்கினார்கள். அம்மா புத்தகத்தைப் பல் டாக்டரின் ஈரக் கையில் படாமல் அவர் பைக்குள் போட்டாள். வாசலில் நூலகர் அவள் தோளைத் தொட்டார்.

“அடுத்த மாசம் அவர் நாற்காலிய எடுக்கச் சொல்ல மாட்டேன்மா. ஜன்னல் பக்கம்தான் இருக்கும்.”

“வெயில் அடிக்குமா?”

“சாயங்காலம் அடிக்காது.”

“பாக்கலாம்,” என்றாள் அம்மா.

வண்டிக்குள் அப்பாவின் கால்மாட்டில் அம்மாவும் சின்னவளும் உட்கார்ந்தார்கள். அத்தை முன் இருக்கையில் ஏறிக்கொண்டு, விடுதிக்காரியைப் பற்றி ஓட்டுநரிடம் வாதாடத் தொடங்கியிருந்தாள். வண்டி நகர்ந்தது. அம்மாவின் கையில் இன்னும் அந்தத் தகடு இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒரு முறை மடியைப் பார்த்தாள், ஒரு முறை பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். பிறகு எழுத்து உள்பக்கம் இருக்கும்படி திருப்பி, கையிலேயே வைத்துக்கொண்டாள்.