பெயர் பிறகு சொல்லப்படும்

ஜூலை மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அயோவா மாநிலத்து ஹார்லன்ஸ் பெர்ரி பேஸ்பால் அணியின் உடை மாற்றும் அறையில் ஒரு செய்தித்தாள் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. இந்தச் சிறிய லீக் அணியின் ஆட்களையெல்லாம் தன் கையில் வைத்திருந்த, பெரிய லீக்கில் ஆடும் தாய் அணி, கோப்பைப் போட்டியில் பின்தங்கிவிடாமல் இருக்க, வேறோர் அணியிடமிருந்து முப்பத்தாறு வயதுப் பந்துவீச்சாளர் ஒருவரை வாங்கியிருந்தது. பதிலுக்கு ஓர் இளைஞன் இன்றே மூட்டை கட்டுகிறான். கூடவே இன்னொருவனும் போக வேண்டும். அந்த இன்னொருவனைப் பற்றித் தாளில் ஒற்றை வரிதான் இருந்தது: பெயர் பிறகு சொல்லப்படும்.

லானி டிரெடவே அந்த வரியை நான்கு தடவை படித்தான்.

"யாரு ஸ்கிப் அது?" என்று யாரோ கேட்டார்கள். அணியின் மேனேஜர் பர்டெட்டை எல்லோரும் ஸ்கிப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எனக்கென்னடா தெரியும்? அஞ்சு பேரை எழுதிக் குடுத்திருக்காங்களாம். அதுல நாலு பேரு இந்த ரூம்லதான் இருக்கீங்கன்னு கேள்வி. ஜனவரிக்குள்ள அவங்க ஒருத்தனைப் பொறுக்கிக்கலாம். பாக்க ஆள் அனுப்புவாங்க. அவரு மூஞ்சியப் பாக்காம பந்தைப் பாத்து ஆடுங்க."

"நம்ம லானியத்தான் கேப்பாங்க," என்றான் கேட்சர் டியூயி. "பஸ்ஸுக்கு ரெண்டு டயர் போயிருச்சுல்ல? இவனைக் குடுத்துட்டு டயர் வாங்கிக்கலாம்."

"ஒரு டயர்தான் தருவாங்க. அதுவும் பழசு," என்றான் இன்னொருவன்.

அறையே சிரித்தது. லானியும் சிரித்தான். இருபத்தைந்து வயதில் நான்காவது கோடையாக அதே ஊரில், அதே லாக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் வேறென்ன செய்ய முடியும்? அவனோடு வந்தவர்களில் சிலர் மேலே ஏறிவிட்டார்கள். மற்றவர்கள் போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏறாமலும் இறங்காமலும் நின்றவன் அவன் ஒருவன்தான்.

அவன் ஆட்டத்தில் பெரிய குறை என்று எதுவும் கிடையாது. ஆனால் போன இடத்திலெல்லாம் வேறொருவன் வராததால்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. பள்ளி அணியில் இரண்டாம் பேஸில் நின்ற பையனுக்குக் கை ஒடிந்தது, லானியைக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் சேர வேண்டியவன் ராணுவத்துக்குப் போனான், லானியைச் சேர்த்தார்கள். லீக்கில் ஆள் எடுத்தபோதும், அவனுடைய கோச்சுக்குத் தெரிந்தவர் ஒருவர் போனால் போகிறது என்று கடைசியில் அவன் பெயரைச் சொன்னார். அத்தனை பேர் நிற்கும்போது ஒருவர் விரலை நீட்டி, 'அதோ அவன். எனக்கு அவன்தான் வேணும்' என்று சொன்னதே இல்லை. ஒரே ஒரு தடவை அது காதில் விழ வேண்டும். பெரிய லீக் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

லானி காப்பது இரண்டாம் பேஸ். அவனுக்கு அந்தப் பக்கம், இரண்டாம் மூன்றாம் பேஸுகளுக்கு நடுவே, ஷார்ட்ஸ்டாப்பாக நிற்பவன் ரொபியேல் கொல்மெனாரெஸ். வெனிசுவேலாவின் மரகாய் நகரத்துக்காரன், இருபத்தொரு வயது. இரண்டு கோடைகளாக இருவரும் சேர்ந்து ஆடினார்கள். ரொபியேல் தரைப்பந்தை அள்ளும் முன்பே லானி இரண்டாம் பேஸை நோக்கி ஓடியிருப்பான். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. நெஞ்சுக்கு நேராக, கை நீட்டிய இடத்தில் பந்து வந்து உட்காரும். ஓடிவருபவனை அங்கே அவுட்டாக்கிவிட்டு, அதே வேகத்தில் முதல் பேஸுக்கு எறிந்து அடித்தவனையும் அவுட்டாக்க வேண்டும். ஒரே பந்தில் இரண்டு பேர். அந்த லீக்கில் வேறெந்த ஜோடியும் அந்த வருஷம் அத்தனை தடவை அதைச் செய்யவில்லை. லானிக்கு அதுவே போதும் என்று தோன்றும் நாட்களும் உண்டு.

இரண்டு பேரும் ஒரு மெக்சிகன் ரொட்டிக்கடையின் மாடியில் குடியிருந்தார்கள். முன்னறையில் ரொபியேலும் அவன் மனைவி யுலேய்மாவும். பின்னறையில் லானி. யுலேய்மா ஜூன் மாதம்தான் விசா கிடைத்து வந்திருந்தாள். இப்போது வயிற்றில் ஏழு மாதம். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. கீழே ரொட்டிக்கடைக்காரி சாயோ அவளைத் தன் தங்கையைப் போலப் பார்த்துக்கொண்டாள். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

"அந்த லிஸ்ட்ல என் பேரு இருக்கும் லோனி," என்றான் ரொபியேல், மறுநாள் காலை படிக்கட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது. லானி அவன் வாயில் லோனி ஆகிவிடும்.

"இருக்கட்டுமே. நல்லதுதானே?"

"அவங்களோட சின்ன லீக் டீமு கலிபோர்னியாவுல பாலைவனத்துக்கு நடுவுல இருக்கு. இன்னைக்குப் பேரைச் சொன்னா நாளைக்கு நான் ஃப்ளைட்ல இருக்கணும். இவ வயித்தைத் தூக்கிக்கிட்டு அங்க யாருகிட்ட போயி நிப்பா? அந்த ஆளு வரட்டும். அவரு இருக்குற வரைக்கும் மோசமா ஆடப்போறேன்."

லானிக்குச் சுருக்கென்று ஏறியது. "மூளை இருக்காடா உனக்கு? மேல நம்ம டீம்ல ஷார்ட்ஸ்டாப்புக்கு ஒருத்தனை ஏழு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டாங்க. அவன் நகர்றதுக்குள்ள உனக்குத் தலை நரைச்சிரும். அங்க அந்த இடம் காலியாக் கிடக்கு."

"குழந்தை பொறக்கட்டும். அப்புறம் நிலாவுக்குக் கூப்பிட்டாக்கூடப் போறேன்."

"என்னைக் கூப்பிட்டா கலிபோர்னியாவுக்கு நடந்தே போவேன்டா," என்றான் லானி. விளையாட்டாகச் சொல்லப் பார்த்தான். குரல் அப்படி வரவில்லை. ரொபியேல் கப்பைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அந்த ஆள் வந்தார். ஹாலிஸ் என்று பெயர். அறுபது வயதைத் தாண்டியவர், வைக்கோல் தொப்பி, கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் ஒரு நோட்டு. கேட்சருக்குப் பின்னால் நாலாவது வரிசையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே இருப்பார். யாருக்கும் கை தட்ட மாட்டார்.

அந்த வாரம் லானி ஆடியதுபோல அதற்கு முன்பும் ஆடியதில்லை, பிறகும் ஆடியதில்லை. நான்கு ஆட்டங்களில் ஒன்பது ஹிட். தன்னைத் தாண்டிப்போக வேண்டிய பந்துகளுக்கெல்லாம் விழுந்து புரண்டான். ஒவ்வொரு தடவையும் எழுந்து மண்ணைத் தட்டும் சாக்கில் நாலாவது வரிசையைப் பார்ப்பான். பென்சில் அசைகிறதா? சில நேரம் அசைவதுபோல இருக்கும். அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான்" என்பான்.

ரொபியேல் சொன்னபடியே செய்தான். எளிய பந்துகளைத் தடவினான். முதல் பேஸுக்கு ஓட வேண்டிய இடத்தில் நடந்தான். ஸ்கிப் கத்திக் கத்தித் தொண்டையைக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். முதல் பேஸில் எதிரணியின் தடியன் ஒருவன் நின்றிருந்தான். பந்து தரையில் உருண்டு ரொபியேலிடம் போனது. லானி வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் ஓடி, இடது காலைப் பேஸில் ஊன்றிக் கையை நீட்டினான். பந்து வரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு தாழ்வாக, தயங்கித் தயங்கி வந்தது. அதற்குள் அந்தத் தடியன் சறுக்கிக்கொண்டு வந்து அந்த ஊன்றிய காலில் மோதினான். முழங்காலுக்குள் ஏதோ நனைந்த துணி கிழிவதுபோலக் கிழிந்தது.

ரொபியேல்தான் முதலில் ஓடிவந்தான். மண்ணில் மண்டியிட்டு லானியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தன் மொழியில் ஏதேதோ சொல்லி அழுதான். லானிக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பந்து தாமதமாக வந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் மருத்துவ அறையில் காலில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது ஹாலிஸ் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஆபரேஷனாம் சார். அடுத்த வருஷம் நிக்கலாமாம்."

"ஹ்ம்." அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நான் ஒண்ணு கேக்கலாமா சார், முதல்ல?" லானி முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான். "அந்த அஞ்சு பேர்ல என் பேரு இருந்துச்சா?"

பெரியவர் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். பொய் சொல்ல நல்ல நேரம் அது. யாரும் போய்ச் சரிபார்க்கப்போவதில்லை.

"இல்ல தம்பி," என்றார். "இல்ல. ஆனா போன வாரம் நீ ஆடினதை நான் பாத்தேன்."

லானி கூரையைப் பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது ஹிட். நாலு வருஷம். தன் பெயர் இல்லாத பட்டியலுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்து மண்ணைத் தட்டியிருக்கிறான்.

"நீங்க கேளுங்க சார்," என்றான்.

"அந்த ஷார்ட்ஸ்டாப். இவன் மாதிரி கை இந்த நாட்டுல பத்துப் பேருக்கு இருக்காதுன்னு சொல்லி அனுப்பினாங்க. நான் பாத்தது வேற. சோம்பேறி. பந்தைக் கையில வச்சுக்கிட்டு யோசிக்கிறான். நேத்து உன் காலே போச்சு. இவனை எடுக்காதீங்கன்னு எழுதிட்டுப் போலாம்னு இருக்கேன். நீ ரெண்டு வருஷம் பக்கத்துல நின்னவன். சரிதானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ரொபியேல் கேட்டதும் அதுதான். தலையை ஆட்டினால் இரண்டு பேருக்குமே வேலை முடிந்தது. அவன் மீது இருக்கும் ஆத்திரமும் தீரும். அடுத்த வருஷம் கால் சரியானால் அதே மாடி, அதே படிக்கட்டு, அதே பந்து நெஞ்சுக்கு நேராக வரும். அதை எவ்வளவு விரும்பினான் என்று அந்த நிமிஷத்தில்தான் லானிக்கே தெரிந்தது.

"தப்பு சார்," என்றான். "அவன் வேணும்னே பண்றான். பொண்டாட்டி பிள்ளைத்தாச்சி. இங்க பாத்துக்க ஆளு இருக்கு, அங்க இல்ல. அதான் நீங்க வேணாம்னு சொல்லட்டும்னு ஆடுறான். நான் பாத்ததுலயே அவன மாதிரி ஒருத்தன் கிடையாது. கண்ணை மூடிட்டுக் கையை நீட்டுவேன், பந்து இருக்கும்."

"நேத்தும் நீட்டினே."

"ஆமா சார். நேத்தும்தான்."

ஹாலிஸ் அவன் காலில் கட்டியிருந்த ஐஸைப் பார்த்தார்.

"எடுங்க சார். ஆனா இப்ப பேரைச் சொல்லாதீங்க. அக்டோபர்ல குழந்தை பொறந்துரும். ஜனவரி வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்குல்ல?"

"நீ எனக்கு வேலை சொல்லித் தர்றியா?" என்றார் பெரியவர். கோபமில்லை. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவருகே சற்று நின்றார். பிறகு போய்விட்டார்.

குழந்தை அக்டோபர் நாலாம் தேதி பிறந்தது, பெண். சாயோ யுலேய்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். லானி ஊன்றுகோலோடு வெளியே நின்றான். ரொபியேல் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அன்னைக்கு அந்தப் பந்து..." என்று ஆரம்பித்தான். "வாயை மூடு. போயி உன் பொண்ணைப் பாரு," என்றான் லானி.

நவம்பரில் பெயர் வந்தது. அப்போது லானி ஆர்கன்சாவில் அம்மா வீட்டில் இருந்தான். ரொபியேல் போனில் சிரித்தான், அழுதான், எப்போது கிளம்ப வேண்டும் என்றான். லானி நல்லது நல்லது என்று பத்து தடவை சொன்னான். போனை வைத்த பிறகு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றான்.

மார்ச் மாதம் பயிற்சி முகாமில் ஸ்கிப் அவனைக் கூப்பிட்டு, "உக்காருப்பா," என்றார். உட்காரச் சொன்னால் எதற்கென்று எந்த ஆட்டக்காரனுக்கும் தெரியும். அன்று மாலையே லானி லாக்கரைக் காலி செய்தான்.

மூன்று வருஷம் கழித்து ரொபியேலின் அணி கான்சஸ் சிட்டிக்கு ஆட வந்தது. லானி கோழிப்பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். லீவு போட்டுவிட்டு நான்கு மணி நேரம் காரோட்டிப் போனான். ஆட்டத்துக்கு முன்பு வேலி ஓரம் நின்றவனை ரொபியேல்தான் முதலில் பார்த்தான். "லோனி!" என்று ஓடிவந்து வேலிக்கு மேலாகவே கட்டிக்கொண்டான். உடம்பு தடித்திருந்தது, ஆங்கிலம் நன்றாக வந்தது.

"எப்படிடா குண்டாயிட்ட?"

"நீ மட்டும் என்ன? கோழித் தீவனத்தை நீயே தின்னுறியா?"

இருவரும் சிரித்தார்கள். யுலேய்மாவையும் குழந்தையையும் பற்றிப் பேசினார்கள். பிறகு ரொபியேல் குரலைத் தாழ்த்தினான்.

"ஹாலிஸ் போன மாசம் ரிட்டயர் ஆனாரு. போறப்ப எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீ சொன்னது, குழந்தை பொறக்குற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொன்னது. உன் பேரு அந்த லிஸ்ட்ல இல்லன்னு தெரிஞ்சப்புறமும் நீ..."

லானியின் காது சூடாயிற்று. மற்றதெல்லாம் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். அது ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். மூன்று வருஷமாக அம்மாவிடம்கூட, கால் போனதால்தான் போச்சு என்றே சொல்லி வைத்திருந்தான்.

"அதெல்லாம் பழைய கதைடா," என்றான்.

"உள்ள வா. கோச்சுகிட்டக் கேட்டுட்டேன். கிளவுஸ் தர்றேன். நான் எறியுறேன், நீ பிடி. பத்துப் பந்து. முன்ன மாதிரி."

சிறு கதவைத் திறந்துவிட்டான். லானி புல்தரையின் விளிம்புவரை போனான். அதற்கு அப்பால் செம்மண். யாரோ அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள், ஈர வாசனை வந்தது. இரண்டாம் பேஸ் வெள்ளையாகத் தெரிந்தது. கால் தானாக முன்னே போகப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்த அவனுக்கு இருந்த பலம் முழுவதும் தேவைப்பட்டது.

"வேணாம் ரொபியேல்."

"ஏன்டா?"

"அவங்க கூப்பிட்டு நான் இங்க வரணும்னு இருந்தேன்டா. பாக்க வந்தவனா இல்ல."

ரொபியேல் வற்புறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, லானியின் கழுத்தைப் பிடித்து ஒரு தடவை உலுக்கிவிட்டு ஓடிப்போனான்.

ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது இன்னிங்ஸில் தரைப்பந்து ஒன்று ரொபியேலிடம் போனது. இரண்டாம் பேஸில் யாரோ ஓர் இளைஞன் திரும்பிப் பார்க்காமல் ஓடிக் கையை நீட்டினான். பந்து இருந்தது. ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். கூட்டம் ஊளையிட்டது, அவர்களுடைய ஊர் அணி அவுட்டானால் பின் என்ன செய்வார்கள்? லானி மட்டும் எழுந்து நின்று கை தட்டினான்.

பக்கத்து இருக்கைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அந்த டீம் ஆளா நீ?"

"இல்லங்க."

"ஆடியிருக்கியோ?"

"அயோவாவுல. நாலு வருஷம்."

"எந்த இடத்துல நிப்பே?"

லானி மைதானத்தை நோக்கிக் கையை நீட்டினான். ரொபியேல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மண்ணைக் காலால் சீய்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்குப் பக்கத்துல," என்றான்.