உலை திறந்த ஒன்பது நாட்கள்

உலை திறக்கும் சங்கு அலறியதும் பள்ளிக்கூடத்து ஆயா துடைப்பத்தைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். பக்கத்து ஆலையின் புகை மதிலைத் தாண்டுவதற்குள் வெயில் குழாயின் கண்ணாடியைத் துடைத்தாக வேண்டும். அவள் வைத்த பெயர்தான் அது. முழங்கை நீளக் குழாய், சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் திரும்பிச் சூரியனைப் பார்க்கும். வெளிச்சத்தில் எந்த நிறம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்து, காற்றில் மிதப்பது மண் தூசியா, ஆலைப் புகையா என்று சொல்லிவிடும்.

அவள் புருஷன் அந்த உலையில் பதினோரு வருடம் கரி தள்ளியவன். இரண்டு மாதமாக இருமிக்கொண்டு வீட்டில் கிடந்தான். குழாய் அளந்த மாத அறிக்கையில் புகை என்று வந்தால் அவனுக்குக் கிடங்கில் உட்கார்ந்து செய்யும் வேலை. மண் தூசி என்றால் திங்கட்கிழமை மறுபடி உலை. ஆலை நிர்வாகம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

"புருஷன் நெஞ்சைத் தடவிக் குடுக்கிறியோ இல்லையோ, அந்தக் கண்ணாடியை நல்லாத் தடவுறே" என்பான்.

"அது எதிர்த்துப் பேசாதுல்ல" என்பாள்.

வெள்ளிக்கிழமை, குழாயைப் பொருத்திவிட்டுப் போன கருவிக்காரர் அறிக்கையோடு மாடிக்கு வந்தார். புருஷனும் நாலு இடத்தில் நின்று நின்று படியேறி வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான்.

"மண் தூசின்னுதான் வந்திருக்கும்மா."

"எப்படி சார்? இந்த மாசம் ஒன்பது நாள் உலையைத் திறந்தாங்க. எதிர்ல இருக்கிற தண்ணித் தொட்டியே தெரியலை. ஒரு நாள்கூட நான் துடைக்காம விடலையே!"

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது கட்டங்கள் காலியாக இருந்தன.

"உங்க மேல தப்பில்ல. கண்ணாடி சுத்தமாத்தான் இருந்துச்சு. அந்த ஒன்பது நாளும் மேகம்னு கழிஞ்சிடுச்சு."

"மேகமா? உலையைத் திறக்கிற வரைக்கும் சுள்ளுன்னு வெயில் சார். துணி காயப்போட்டேன்."

"வெளிச்சம் ரொம்ப மறைஞ்சு மறைஞ்சு வந்தா, மேகம்னு நினைச்சு கம்ப்யூட்டரே தள்ளிடும். புகை அவ்வளவு கெட்டி. மிச்ச நாள்ல இருந்தது மண்ணுதான்."

"புகைதான்னு நீங்க எழுதிக் குடுங்க சார். நடுவுல ஒரு நாள் வந்தப்போ நீங்களே கண்ணால பார்த்தீங்கல்ல?"

"நான் பார்த்தது செல்லாதும்மா. கருவி பார்த்ததைத்தான் எழுதணும்."

புருஷன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் துடைத்த கைக்குட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"அப்போ திங்கக்கிழமை நான் மேகத்துக்குள்ளதான் வேலைக்குப் போறேனா சார்?"