ஆரின் கழற்றிக் கொடுத்த கிராங்க்

டெல்மர் சொன்னது பொய். அந்தப் பொய்யை இன்ஜின் உண்மையாக்கிவிட்டது. அவனுக்குக் கெட்ட நேரம் பிடித்தது அப்போதுதான்.

போன மாதம் எல் மிராஜ் ஏரியில் ஓட்டம். பேர்தான் ஏரி. காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும் அந்த வெளியில்தான் சான் பெர்னார்டினோவின் பெப்பர் தெரு கிளப்காரர்கள் பழைய வண்டிகளை நேர்கோட்டில் விரட்டி வேகம் பார்ப்பார்கள். டெல்மருடையது முப்பத்திரண்டாம் வருஷத்து ரோட்ஸ்டர் கார். கூரை, மட்கார்டு, சைலன்சர் என்று வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, எட்டு சிலிண்டர் இன்ஜினை மட்டும் சாமி மாதிரி வைத்துக் கொண்டாடிய வண்டி. பாதி தூரத்தில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. எத்தனையோ முறை வழுக்கியதுதான். ஆனால் அன்றைக்கு அவனுடைய வலது கால் அவனைக் கேட்காமலே ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்துவிட்டது. அழுத்து அழுத்து என்றான், கால் கேட்கவில்லை. வண்டி தானாக ஓடி ஓய்ந்து நின்றது. புழுதி அடங்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

கிளப்காரர்கள் ஓடி வந்தார்கள். பயந்துவிட்டேன் என்று அந்தக் கூட்டத்தில் சொல்ல யாருக்கு வாய் வரும்? கீழேயிருந்து ஏதோ தட்டுகிற சத்தம் வந்தது, அதனால்தான் காலை எடுத்தேன் என்று சொல்லிவைத்தான். ஆயிலோ பேரிங்கோ, எதையாவது பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள் என்பது அவன் கணக்கு.

விடவில்லை. கிளப் தலைவர் ஹோபர்ட்டின் கொட்டகையில் இன்ஜினை இறக்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். பிஸ்டன்கள் எட்டும் சேர்ந்து சுழற்றுகிற கனத்த இரும்புத் தண்டான கிராங்க்கை ஹோபர்ட் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஊறி வந்தது. விரிசல். டெல்மருக்கே தூக்கிவாரிப் போட்டது.

“அடப்பாவி!” என்று கத்தினான் ஸ்கீட்டர். கிளப்பிலேயே குள்ளம் அவன், வாய்தான் எல்லோரையும்விட நீளம். “அந்த இரைச்சல்ல இந்த மயிரிழை விரிசல் உன் காதுக்குக் கேட்டுச்சா? இன்னும் ஒரு ஓட்டம் ஓடியிருந்தா இன்ஜின் சுக்குநூறு. உன் காதை வெட்டிக் கண்ணாடிப் பெட்டில வைக்கணும்டா!”

அன்றிலிருந்து டெல்மர் பெரிய ஆள். தெருவில் போகிறவனெல்லாம் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க என்றான். இவனும் பானெட்டின் மேல் சாய்ந்து மூஞ்சியைப் பெரிய டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு தலையாட்டினான். அவன் மனைவி மேவிஸ் வேலைசெய்யும் டெலிபோன் ஆபீஸ்வரை அந்தக் காதின் புகழ் போனது. வேறு என்ன செய்வான், பாவம்.

மேவிஸிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்த அன்றைக்குத்தான் அவள் வண்டிக் கதவில் அவன் பெயரைச் சிவப்புப் பெயின்ட்டால் எழுதி முடித்து, மூக்கிலும் கொஞ்சம் பெயின்ட்டோடு வந்து நின்றாள். நல்லாருக்கு என்றான். அத்தோடு சரி.

கிராங்க் போனதில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அந்த அளவுக்கு இன்னொன்று லேசில் கிடைக்காது. கிடைக்கவில்லை என்று ஒரு வருஷம் இழுத்தால் எல்லோரும் மறந்துபோவார்கள், தானும் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் இன்ஜின் படுத்துவிட்டால் அடுத்த ஓட்டத்துக்குள் மொத்தக் கிளப்பும் கூடி அதை எழுப்பிக் கொடுக்கும். உனக்கு வேண்டுமா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வேண்டாம் என்பது மூஞ்சியில் துப்புவதற்குச் சமம்.

சனிக்கிழமை மத்தியானம் கொட்டகைக்குள் ஆரின் ஒரு கிராங்க்கைக் கோணிக்குள் சுற்றித் தோளில் தூக்கி வந்தான். ஆரினும் டெல்மரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள், இப்போது ரயில்வே பட்டறையிலும் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நிற்கிறவர்கள்.

“எங்கடா புடிச்ச?” என்றார் ஹோபர்ட்.

“என் வண்டியிலேர்ந்துதான் தலைவரே. நேத்து கழட்டிட்டேன்.”

சொந்த இன்ஜினின் வயிற்றைக் கிழித்து எடுத்துக் கொடுக்கிறவன் உண்டா?

“வேணாம்டா ஆரின்,” என்றான் டெல்மர். இவ்வளவு பெரிய உதவியை வாங்கக் கூசுகிறான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

“சும்மா இரு மாப்ள. அடுத்த ஞாயித்துக்கிழமை நீ ஓட்டுற. நான் கரையில நின்னு விசிலடிக்கிறேன்.”

அடுத்த ஞாயிறு. டெல்மர் மனதுக்குள் நாள் எண்ணினான். இந்த இரும்பு இன்று இன்ஜினுக்குள் போனால் அடுத்த வாரம் அவன் அந்த இருக்கைக்குள் போக வேண்டும். பெல்ட்டைக் கட்டிவிட ஆறு பேர் அன்போடு காத்திருப்பார்கள்.

மாட்டுவதற்கு முன் கிராங்க்கைத் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கிராங்க் கணீரென்று மணியாக ஒலிக்கும். விரிசல் விட்டது பொத்தென்று சத்தத்தை விழுங்கும். செயின் கப்பியில் கிராங்க்கைத் தொங்கவிட்டு, ஹோபர்ட் சுத்தியலை டெல்மரிடம் நீட்டினார்.

“காதுக்காரரே, நீங்களே தட்டுங்க.”

சுத்தியல் கைக்கு வந்ததும்தான் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது. கிராங்க் ஆடாமல் இருப்பதற்காகப் பிடிக்கிறவன் போல, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, அதைத் தன் தோல் ஏப்ரனோடு சேர்த்து வயிற்றில் இறுக்கி அணைத்துக்கொண்டான். தட்டினான்.

பொத்.

இன்னொரு இடத்தில் தட்டினான். அதுவும் பொத்.

“போச்சுடா,” என்றான் ஸ்கீட்டர்.

“சுண்ணாம்பு போட்டு ஒரு தடவை பாத்துருவோமா?” என்றார் ஹோபர்ட்.

“என்ன தலைவரே பேசுறீங்க? டெல்மர் காதுக்கு மேல சுண்ணாம்பா?” என்றான் ஸ்கீட்டர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் காதின் மேல் அவ்வளவு நம்பிக்கை. வாசலில் மேவிஸ் சாண்ட்விச்சும் பீன்ஸும் எடுத்து வைத்துக் கூப்பிட, ஒரு சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மாதிரி ஒவ்வொருவராக ஆரின் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார்கள்.

ஆரின் போகவில்லை. இரும்பை வெட்டும் கேஸ் கட்டரைப் பற்றவைத்தான். விரிசல் விட்ட கிராங்க்கை அதன் சொந்தக்காரனே அன்றைக்கே இரண்டாக வெட்டிப் போட வேண்டும், பழைய இரும்புக் கடை வழியாக அது இன்னொருத்தன் இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். நீலச் சுவாலை சீறியது. டெல்மர் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு நிமிஷம் பொறுத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் ஞாயிறும் இல்லை, இருக்கையும் இல்லை. ஆனால் வெட்டப்போவது ஆரின் ஒன்றரை வருஷம் தேடி வாங்கி, சாணை பிடித்து, குழந்தையைப் போல் எண்ணெய் பூசி வைத்திருந்த கிராங்க். தன் பயத்துக்கு அவன் கையாலேயே அதை வெட்டவைப்பதா? இதைவிடக் கேவலம் உண்டா?

“டேய், நிறுத்து.”

ஆரின் கண்ணுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைத் தூக்காமலே, “என்ன?” என்றான்.

“விரிசலே இல்லடா. நான் வயித்தோட அமுக்கிப் புடிச்சுத் தட்டினேன்.”

சுவாலை அப்படியே சீறிக்கொண்டிருந்தது.

“எதுக்கு?”

“என்னால ஓட்ட முடியலடா. ஏரில சத்தமும் கேக்கல ஒரு மண்ணும் கேக்கல. பயந்துட்டேன். கால் தானா எந்திரிச்சிருச்சு. இப்ப அந்த சீட்டை நெனச்சாலே குமட்டுது.” ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அடிக்காகக் காத்திருந்தான். ஒரு அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஆரின் கட்டரை அணைத்துவிட்டுப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்ததுதான். ஆனால் அது வேறு கோபம்.

“ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதாடா, படுபாவி?”

டெல்மருக்குப் புரியவில்லை.

“புள்ள பொறந்ததுலேர்ந்து நான் வண்டியை ஓட்டவே இல்ல,” என்றான் ஆரின், தரையைப் பார்த்துக்கொண்டு. “சாயங்காலமானா ஷெட்டுல வச்சு ஸ்டார்ட் பண்ணி நல்லா உறுமவிட்டு நிறுத்திருவேன். சுத்திட்டு வந்துட்டான்னு தெருவே நெனச்சுக்கும். சும்மா எத்தனை நாள் ஏமாத்துறது? உன் கிராங்க் போச்சுன்னதும் எனக்கு வழி கெடச்சுது. நண்பனுக்காகக் கழட்டினேன்னா எவனாவது கேள்வி கேப்பானா?”

“அப்ப நீ எனக்காகக் கொடுக்கல.”

“உனக்கு ஆகுமேன்னும் நெனச்சேன். பொய் சொல்லல. ஆனா நீ தட்டி அந்த பொத்துங்குற சத்தம் வந்துச்சு பாரு, எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. வெட்டிப் போட்டுட்டா ஒருத்தனும் திருப்பி மாட்டுன்னு சொல்ல முடியாதுல்ல.”

டெல்மருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்று தினமும் சோற்றுப் பெட்டியைப் பகிர்ந்து தின்ற இரண்டு பேர்; ஒருத்தன் பயம் ஒருத்தனுக்குத் தெரியவில்லை. பேசியதெல்லாம் கார்புரேட்டர், பிஸ்டன்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல,” என்று ஆரின் கட்டரைப் பார்த்தான். “வெட்டிருவமா?”

வெட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் வெட்டினால் இந்தக் காதுக்காரன் வேஷத்தைச் சாகும்வரை போட வேண்டும். அடுத்த கிராங்க் எங்கிருந்தாவது வரும், அதையும் வயிற்றோடு அணைக்க வேண்டும். டெல்மருக்கு அலுத்துப் போய்விட்டது. கிராங்க்கைத் தொடாமல் தள்ளி நின்று சுத்தியலால் ஓங்கித் தட்டினான். கணீரென்ற ஒலி கொட்டகையின் தகரத்தில் பட்டு வாசல்வரை போனது.

சாண்ட்விச்சும் கையுமாக எல்லோரும் ஓடி வந்தார்கள். பின்னாலேயே மேவிஸ்.

“என்னடா சத்தம் அது?” என்றார் ஹோபர்ட்.

“கிராங்க் நல்லாத்தான் இருக்கு தலைவரே. நாந்தான் ஏமாத்தினேன். நான் இனிமே ஓட்டல. பயமா இருக்கு.”

“நானும் ஓட்டல,” என்றான் ஆரின்.

ஸ்கீட்டர் சிரிக்கப் போகிறான் என்று டெல்மர் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான். ஸ்கீட்டர் சிரிக்கவில்லை. மேவிஸ் மட்டும் வந்து புருஷன் கையிலிருந்த சுத்தியலை வாங்கி மேஜை மேல் வைத்தாள். “இதைச் சொல்லத்தான் ஒரு மாசமா தூங்காமப் புரண்டியா?” என்றாள் மெதுவாக.

ஹோபர்ட் நரைத்த மீசையைத் தடவியபடி தொங்குகிற கிராங்க்கை வெகுநேரம் பார்த்தார். இந்த வட்டாரத்தில் அதற்கு ஆசைப்படாதவனே கிடையாது. எனக்குக் கொடு எனக்குக் கொடு என்று ஸ்கீட்டரே வருஷம் முழுக்க ஆரின் வீட்டு வாசலில் தவம் கிடந்தவன்.

“சரி,” என்றார் ஹோபர்ட். “அருமையான சாமான். சும்மா கிடக்க வேணாம். யாருக்கு வேணும்? அடுத்த ஞாயித்துக்குள்ள எல்லாருமா சேந்து மாட்டிக் குடுத்துருவோம்.”

ஸ்கீட்டர் தன் சாண்ட்விச்சில் தக்காளியைத் தேடிக்கொண்டிருந்தான். மற்ற இருவர் வாசலைப் பார்த்தார்கள். ஹோபர்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடித்தார். எனக்கு வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.