வழியில் வைத்த தண்ணீர்

"12 ஜனவரி 2025, ஞாயிறு. இன்று மலையில் சின்னத் தவறு ஒன்று செய்தேன்."

அதற்கு மேல் சுஜினுக்குக் கை ஓடவில்லை. கர்ஜத்திலிருந்து திரும்பும் லோக்கல் ரயிலில் நோட்டு குலுங்கியது. எதிர் இருக்கையில் ஜோஸ்பின், தன் அண்ணன் ஸ்டெர்லினின் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

லேபர் கேம்ப் குடியிருப்பின் மாலை வகுப்பிலிருந்து எட்டுப் பேர் மலையேறப் போயிருந்தார்கள். டி.பி. மருந்து முடிந்து நான்கு மாதமே ஆன ஜோஸ்பினும் வருவேன் என்றாள். டாக்டர் சரி என்றார், ஸ்டெர்லின்தான் மறித்தான்.

"நானும் வாரேன். நடுவழியில நீ உக்காந்துட்டா, நாளையிலேருந்து கிளாஸும் கிடையாது. வீட்டோட கெடக்கணும், சொல்லிட்டேன்."

"சரிண்ணே. மொதல்ல நீ உக்காராம வா."

தண்ணீர்ப் பொறுப்பு சுஜினுடையது. ஆளுக்கொரு பாட்டில் போக, டீக்கடையில் இரவல் வாங்கிய ஐந்து லிட்டர் கேன் இரண்டு. எத்தனை மணிக்கு எவ்வளவு குடிப்பது என்றுகூட அவன் முதல் நாளே எழுதி வைத்திருந்தான். முதல் பள்ளத்தாக்கின் வாயில் தோள் இற்றுப்போனது. ஒரு பாறை இடுக்கில் கேன்களை வைத்து, மேலே களாச் செடியின் கிளையை இழுத்துவிட்டான். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் சொல்லவில்லை.

பகல் ஒரு மணிக்கு இரண்டாவது பள்ளத்தாக்கையும் ஏறி முடித்தார்கள். ஓடையில் காய்ந்த கூழாங்கற்கள்தான் கிடந்தன. கையிலிருந்த பாட்டில்கள் காலி. ரெபேக்கா டீச்சர் கை நீட்டினார்.

"சுஜின், கேனை எடு."

"கீழ இருக்கு டீச்சர். திரும்பி வரும்போது எடுக்கலாம்னு..."

"எந்தத் திரும்பி? இது சுத்து வழி. காட்டுக்குள்ள புகுந்து அந்தப் பக்கமால்ல எறங்குறோம்!"

"லோக்கல் ட்ரெயின்னு நெனச்சியால?" என்றான் ஸ்டெர்லின். "போன பட்டரியிலயே, அதே தண்டவாளத்துல திரும்பி வாரதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். சுஜினுக்குக் காது சுட்டது. பிறந்ததிலிருந்து அவன் போன வழியெல்லாம் வந்த வழிதான். தாதருக்குப் போனாலும் மான்குர்த்துக்குப் போனாலும் அதே பிளாட்பாரத்தில் வந்து இறங்குபவன். மலை வேறு மாதிரி இருக்கும் என்று தோன்றவேயில்லை.

கேனுக்குத் திரும்ப இரண்டரை மணி நேரம். முன்னே போனால் காடு தாண்டி ஒரு கிராமம், கிணறு. ஒன்றரை மணி நேரம். முன்னே நடந்தார்கள். சுஜின் ஜோஸ்பினின் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தான். இவள் உட்கார்ந்தால் அது என்னால்தான்.

காட்டின் நடுவில் தொப்பென்று ஒருவர் உட்கார்ந்தார். ஸ்டெர்லின்.

"பஸ், போதும். என்னால ஆவாது."

ஜோஸ்பின் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். முக்கால் பாட்டில் தண்ணீர் இருந்தது. மருந்து தின்ற ஆறு மாதமும் குமட்டலுக்குப் பயந்து மிடறு மிடறாகக் குடித்தவள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

"நீ வச்சுக்கோட்டி. ஒனக்குத்தான் வேணும்."

"வாயத் தொற. நம்ம கல்லித் தெருவுல கொழாத்தண்ணி வராத அன்னைக்கு அம்மா எப்படிப் பங்கு வைப்பா? அதே மாதிரிதான். ஆளுக்கு மூணு மூடி."

மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். கடைசியாகச் சுஜினிடம் வந்தாள். அவன் வேண்டாமென்று தலையசைத்தான்.

"அரே, குடி. நீ விழுந்தா ஒன்னைய யாரு தூக்குவா?"

கிணற்றடியை முதலில் எட்டியது ஜோஸ்பின்தான். பின்னால் நொண்டிக்கொண்டு வந்த ஸ்டெர்லின் வாளியை இறைத்து முதலில் அவளுக்கு நீட்டினான்.

"ஏட்டி, நாளைக்கு கிளாஸ் எத்தன மணிக்கு?"

"ஏழு."

"நேரத்தோட கெளம்பு. லேட்டாப் போயி அடி வாங்காத."

ரயில் தாணேயைத் தாண்டியது. சுஜின் எழுதியதைப் படித்தான். 'சின்ன' என்பதை அடித்தான். ரொம்பப் பெரிதாக்குகிறோமோ என்று யோசித்து, அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும் என்று விட்டான். அதன் கீழே எழுதினான்:

"நாளை: கேன் இரண்டும் தாவீது அண்ணன் டீக்கடை இரவல். காலை ஆறு மணிக்குக் கடைக்குப் போய், மலையில் விட்டுவந்தது நான்தான் என்று சொல்ல வேண்டும்."